பதினோராம் எண் பங்களாவில் குடியிருப்பவர்கள்

நம்பச் சொல்லி யாரையும் நான் கேட்கப்போவதில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஒருமுறை மட்டும் கண்டதை எழுதாதே, திரும்பத் திரும்பக் கண்டதை எழுது என்பார் எங்கள் விலங்கியல் ஆசிரியர். இதை நாங்கள் ஒவ்வொரு மாலையும் கண்டோம். ஒருவர் அல்ல, மூன்று பேர்.

என் பெயர் ரெமி. வீட்டின் இளைய பெண். பிறந்தது மேற்கு ஆப்பிரிக்காவில், அப்போது ஆங்கிலேயர் ஆண்டுகொண்டிருந்த ஃப்ரீடவுனில். 1951-ல் கல்லூரியை முடித்துவிட்டு மருத்துவத் துறையின் ஆய்வுக்கூடத்தில் கொசுக்களை வகை பிரிக்கும் வேலையில் சேர்ந்திருந்தேன். யாரோடும் அதிகம் பேச வேண்டாத வேலை. எனக்கு அது பிடித்திருந்தது.

அண்ணன் பாங்கோலே அதே துறையில் டாக்டர். எடின்பரோவில் படித்தவர். அந்தக் காலத்தில் துறையில் இருக்கும் வெள்ளைக்கார டாக்டருக்கு ஊருக்கு மேலே மலையில், ஹில் ஸ்டேஷன் என்ற அவர்கள் குடியிருப்பில் பங்களா கிடைக்கும். பங்களா காலி இல்லையென்றால் வீட்டு வாடகைப் படி கிடைக்கும். எங்கள் டாக்டர்களுக்கு இரண்டும் கிடையாது. 'நீங்கள் இந்த ஊர்க்காரர்கள்தானே, அப்பா வீடு இருக்குமே' என்று செயலகத்திலிருந்து பதில் வரும். உள்நாட்டில் வேலை பார்த்த ஒரு டாக்டர், மருந்து அறையில் கட்டில் போட்டு மனைவி பிள்ளைகளோடு படுத்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அதே பதில்தான்.

அண்ணன் அவரையும் இன்னும் மூன்று பேரையும் சேர்த்துக்கொண்டு மனுப் போட்டார். இழுத்தடித்தார்கள். அண்ணன் விடவில்லை. கடைசியில் செயலகம் ஒரு காரியம் செய்தது. வெகுகாலம் பூட்டிக் கிடந்த பதினோராம் எண் பங்களாவை அண்ணன் பெயருக்கு ஒதுக்கியது. ஆகஸ்ட் மாதக் கடைசியில் வீட்டு ஒதுக்கீட்டுக் குழு கூடும். அதுவரை குடும்பத்தோடு அங்கே குடியிருந்து காட்டினால், ஆப்பிரிக்க டாக்டருக்கும் வீடு தேவைதான் என்று ஒப்புக்கொண்டு ஐந்து பேருக்கும் படி. ஓர் இரவு காலி செய்தாலும் ஐந்து பேருக்கும் இல்லை.

சாவி கொடுக்க வந்தவர் வீட்டு ஒதுக்கீட்டுக் குமாஸ்தா மிஸ்டர் தோர்ப். எங்கள் ஊர்க்காரர்தான்.

"டாக்டர், குடியிருக்கிறதுன்னா நிஜமாவே குடியிருக்கணும். பேருக்கு ரெண்டு பெட்டியைப் போட்டுட்டு ராத்திரி டவுனுக்கு ஓடிடக் கூடாது. துறை பாத்துக்கிட்டே இருக்கும்."

"பாக்கட்டும். இருட்டுல நாங்க கண்ணுக்குத் தெரியலைன்னா என்ன செய்வீங்க?"

"கூப்பிட்டுக் கேப்போம்" என்று சொல்லித் தோர்ப் சிரித்தார். படியேறி வரவில்லை. கீழே நின்றபடியே சாவியை நீட்டினார்.

அந்த மலையில் எல்லா வீடும் இரும்புத் தூண்களின் மேல் நிற்பவை. தூண்கள் ஆள் உயரத்துக்கும் மேல். அடியில் சிமெண்டுத் தரை. காரை அங்கேயே நிறுத்தலாம். மேலே பலகைத் தளம், மூன்று அறை, முன்னால் வராந்தா. கொசுவுக்குப் பயந்து வெள்ளைக்காரர்கள் கட்டிக்கொண்ட வீடுகள்.

அண்ணி அரபெல்லாவுக்கு அப்போது ஏழாம் மாதம். அண்ணனுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து எந்த நேரத்திலும் அழைப்பு வரும். அண்ணி தனியாக இருக்கக் கூடாது என்று என்னையும் கூட்டிப் போனார்கள்.

முதல் மாலை. ஆறே முக்கால் இருக்கும். மழை விட்டிருந்தது. அண்ணி விளக்கேற்றினாள். நான் வராந்தாவில் நின்றிருந்தேன்.

டங்...

கீழே ஏதோ இரும்பில் பட்டது.

டங்... டங்...

யாரோ ஒவ்வொரு தூணாகத் தட்டிக்கொண்டு வந்தார்கள். பலகை இடுக்குகள் வழியாக வெளிச்சம் கோடு கோடாக மேலே வந்தது. கூரையில் அந்தக் கோடுகள் மெல்ல நகர்ந்தன. லாந்தரோடு யாரோ வீட்டுக்கு அடியில் நடக்கிறார்கள். எங்கள் காலுக்குக் கீழே வந்ததும் வெளிச்சம் நின்றது.

"இன்றிரவு எத்தனை பேர்?"

ஆங்கிலம். வயதான குரல். வறண்ட குரல்.

அண்ணன் சாப்பாட்டு மேசையிலிருந்து எழுந்தார். அவர் முகத்தில் எரிச்சலும் இருந்தது, திருப்தியும் இருந்தது.

"பாத்தியா அரபெல்லா? வந்த அன்னைக்கே ஆள் அனுப்பிட்டாங்க."

வராந்தாக் கம்பியருகே போய், ஆங்கிலத்தில் தெளிவாகச் சொன்னார்.

"மூன்று பேர், ஐயா."

வெளிச்சம் நகர்ந்து போய்விட்டது.

"நல்லிரவுன்னாவது சொல்லிட்டுப் போகக் கூடாதா? மேல வந்து பாத்தா அவர் பூட்ஸ்ல கறுப்பு ஒட்டிக்குமா?" என்றாள் அண்ணி.

நாங்கள் மூவரும் சிரித்தோம்.

மறுநாள் மாலையும் வந்தார். அதற்கு அடுத்த மாலையும் வந்தார். அதே நேரம். அதே கேள்வி. அண்ணன் ஒருமுறைகூட பதில் சொல்லத் தவறவில்லை. பதில் சொல்லாவிட்டால் 'ஆள் இல்லை' என்று எழுதிவிடுவார்கள், ஐந்து பேர் பிழைப்பும் போய்விடும் என்பார். மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு ஒருநாள் கீழே இறங்கியும் போனார். அதற்குள் ஆள் போய்விட்டார்.

சனிக்கிழமை சிஸ்ஸி அத்தை வந்தாள். அப்பாவின் தங்கை. தையற்காரி. எங்கள் ஊரில் சனிக்கிழமை என்றால் ஃபூஃபூதான். புளிக்கவைத்த மரவள்ளி மாவுக் களி, கசப்புக் கீரைக் குழம்பு, கருவாடு. அத்தை ஒரு பெரிய பாத்திரத்தைத் துணியில் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு மலையேறி வந்திருந்தாள்.

"வெள்ளைக்காரன் வீட்ல ஃபூஃபூ வாசம் அடிக்கட்டும். அவன் ஏழு தலைமுறைக்கும் மூக்கைப் பொத்திக்கட்டும்" என்றாள்.

சாப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்ததில் நேரம் போனது தெரியவில்லை.

டங்...

அத்தையின் கை பாத்திரத்திலேயே நின்றது.

"இன்றிரவு எத்தனை பேர்?"

அண்ணன் எழுந்தார். அத்தை அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"டேய், முகம் தெரியாம இருட்டுல ஒருத்தன் கேட்டா பதில் சொல்லுவியா? உங்கம்மா இதைத்தான் சொல்லிக் குடுத்தாளா?"

"அத்தை, அது பேய் இல்ல. அரசாங்கம்."

"ரெண்டும் ஒண்ணுதான்டா. ரெண்டும் கேக்கும். ரெண்டும் குடுக்காது."

அண்ணன் சிரித்துக்கொண்டே போய்ச் சொன்னார். அத்தை போய்விடுவாள் என்பதால் அவளைச் சேர்க்கவில்லை.

"மூன்று பேர், ஐயா."

அத்தை அதற்கு மேல் அங்கே உட்காரவில்லை. பாத்திரத்தைக்கூட எடுக்காமல் கிளம்பிவிட்டாள். அண்ணன் காரில் கொண்டுபோய் விட்டார்.

அதுவரை நான் பயப்படவில்லை. அந்த வாரம்தான் சில விஷயங்கள் என் கண்ணில் பட ஆரம்பித்தன. எனக்குப் பூச்சிகளைப் பார்க்கிற பழக்கம் உண்டு. ஆகஸ்ட் மழையில் விளக்கேற்றினால் ஈசல் மொய்க்கும். அந்துப்பூச்சி வந்து விழும். பல்லி வரும். அந்த வீட்டில் எங்கள் விளக்கைத் தேடி ஒன்றுமே வரவில்லை. ஓர் ஈசல்கூட இல்லை. சாலையோர விளக்குக் கம்பத்தில் கூட்டம் கூட்டமாகப் பறந்தது. எங்கள் வராந்தாவில் ஒன்றுமில்லை.

பிறகு அந்த லாந்தர். எங்கள் காலுக்கு அடியிலேயே நிற்கும். மண்ணெண்ணெய் வாசம் வந்ததே இல்லை.

காலையில் கீழே இறங்கிப் பார்த்தேன். இரவெல்லாம் மழை. சுற்றிலும் செம்மண் சேறு. அண்ணனின் கார்ச் சக்கரம் சிமெண்டில் சிவப்பாக இழுத்திருந்தது. என் செருப்புத் தடம் இருந்தது. வேறு எந்தத் தடமும் இல்லை.

அண்ணனிடம் சொன்னேன்.

"மழைச் சாரல்ல அழிஞ்சிருக்கும், ரெமி."

"உங்க டயர் தடம் அழியலையே அண்ணே."

அண்ணன் தன் பையைப் பூட்டினார். "அந்த மருந்து அறையில படுத்திருக்காரே, அவரோட கடைசிக் குழந்தைக்கு நெஞ்சுல சளி கட்டியிருக்கு. நேத்துதான் தந்தி வந்தது" என்றார்.



அன்று மாலை பெருமழை. தகரக் கூரை மேல் கல் கொட்டுவதுபோல் சத்தம். அண்ணி பக்கத்தில் நின்று கத்தினால்தான் எனக்குக் கேட்டது. தரை ஓதம் காக்கிறது என்று அவள் ஒரு தடிமனான கோரைப்பாயைக் கூடம் முழுக்க விரித்திருந்தாள்.

ஆறே முக்கால்.

"இன்றிரவு எத்தனை பேர்?"

குரலை உயர்த்தவே இல்லை. எப்போதும் பேசுகிற அதே குரல். அவ்வளவு மழையிலும் ஒவ்வொரு எழுத்தும் கேட்டது.

அண்ணன் வராந்தாவுக்குப் போய் உரக்கக் கத்தினார். நான் கூரையைப் பார்த்தேன். வெளிச்சக் கோடுகள் ஓடிக்கொண்டிருந்தன.

கீழே பார்த்தேன். பாய் விரித்தபடியே இருந்தது. ஓர் இடுக்குகூடத் திறந்திருக்கவில்லை.

பாய்க்கு மேலே வெளிச்சம் இல்லை... கூரையில் மட்டும் இருந்தது.

அண்ணியும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் கையைப் பிடித்தாள்.

இரவு அண்ணனும் அண்ணியும் சண்டை போட்டார்கள். சுவர் பலகைதான். எல்லாம் கேட்டது.

"நாளைக்கே போயிடலாம், பாங்கோ."

"திங்கட்கிழமை குழு. அஞ்சு நாள். அஞ்சே நாள் பொறுத்துக்கோ."

"அதுக்குள்ள எனக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"நான் டாக்டர். நான் இருக்கேன்."

"நீ எங்க இருக்கே? நீ ஆஸ்பத்திரியில இருக்கே."



சனிக்கிழமை வந்தது. மாலை ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்தான். துறைமுகத்தில் பளு விழுந்து இரண்டு பேர் நசுங்கியிருந்தார்கள். அண்ணன் கோட்டை மாட்டிக்கொண்டே என்னிடம் வந்தார்.

"ரெமி, நான் வரதுக்குள்ள அவர் வந்தா நீதான் பதில் சொல்லணும்."

"நானா?"

"மூணு பேர்னு சொல்லு. நான் இல்லைன்னு தெரியக் கூடாது. இன்னும் ரெண்டே நாள். சத்தமா சொல்லு, என்ன?"

தலையசைத்தேன். கார் இறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அண்ணிக்கு இடுப்பு வலி. படுக்கையறையில் படுத்திருந்தாள். அவள் தூங்கட்டும் என்று அந்த அறையில் விளக்கு வைக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

மூடுபனி மலையில் இறங்கியது. பக்கத்து பங்களா மறைந்தது. சாலை மறைந்தது. வாசற்படியும் மறைந்தது. நான் கூடத்தில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன்.

ஆறே முக்கால்.

டங்...

டங்...

டங்...

கூரையில் கோடுகள் வந்தன. நகர்ந்தன. என் தலைக்கு மேல் வந்து நின்றன.

"இன்றிரவு எத்தனை பேர்?"

எழுந்து வராந்தாவுக்குப் போக நினைத்தேன். எழவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"மூன்று பேர், ஐயா."

வழக்கமாக இந்நேரம் வெளிச்சம் நகர்ந்துவிடும். நகரவில்லை.

பிறகு குரல் வந்தது. கேள்வி அல்ல. திருத்தம்.

"நான்கு."

வெளிச்சம் அணைந்தது.

போய்விட்டது. சொல்லிவிட்டேன். முடிந்தது...

அப்போது படுக்கையறைக்குள் நாற்காலி கிரீச்சிட்டது.

யாரோ ஓர் ஆண் இருமினார். ஒருமுறை. அண்ணன் சிகரெட் குடித்தால் இருமுகிற இருமல்.

கார் வந்த சத்தம் இல்லை. படியில் காலடி இல்லை. அந்த அறைக்கு வேறு வாசல் இல்லை.

"அண்ணி..." என்றேன்.

உள்ளிருந்து அண்ணியின் குரல் வந்தது. தூக்கக் கலக்கத்தில் இருந்தாள்.

"மெல்லப் பேசு ரெமி. உங்க அண்ணன் இப்பத்தான் வந்து உக்காந்தாரு."

விளக்கை எடுத்தேன். கதவைத் தள்ளினேன்.

அண்ணி மல்லாந்து படுத்திருந்தாள். பக்கத்தில் நாற்காலி. காலியாக இருந்தது. ஆனால் கட்டிலின் ஓரம்... அழுந்தியிருந்தது. ஓர் ஆள் உட்கார்ந்தால் மெத்தை எப்படி அழுந்துமோ, அப்படி.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்ல மேலெழுந்தது.

அண்ணி விளக்கைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கட்டில் ஓரத்தைப் பார்த்தாள்.

"ரெமி... அப்ப என் வயித்துல கை வச்சது யாரு?"

நான் அவளை இழுத்தேன்.

ஓடினோம்.

விளக்கு எங்கோ விழுந்தது. படி தெரியவில்லை. அண்ணி என் தோளைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். செருப்பு இல்லை.

கீழே...

டங்...

நாங்கள் ஓட ஓட, வீட்டுக்கு அடியிலேயே பக்கத்தில் வந்தது.

டங்... டங்...

கடைசித் தூண்.

டங்.

நின்றுவிட்டது.

மேலே வராந்தாவில் பலகை முனகியது. ஒருவர் அல்ல. பலர் நடந்து வந்து கம்பியருகே நிற்கும் சத்தம்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

சாலையில் மூடுபனிக்குள் இரண்டு வெளிச்சம் வந்தது. அண்ணனின் கார். சேற்றில் எங்களைப் பார்த்ததும் பிரேக் போட்டு இறங்கினார். அவர் கோட்டில் ரத்தம் காயவில்லை. இந்நேரம்வரை ஆஸ்பத்திரியில்தான் இருந்திருக்கிறார்.

"ஏன் வெளிய வந்தீங்க? யாராவது பாத்தா? ரெண்டு நாள்தானே, ரெமி! உன்கிட்ட என்ன சொன்னேன்?"

அண்ணி கார்க் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தாள்.

"டவுனுக்குப் போ."

"அரபெல்லா, அஞ்சு குடும்பம்..."

"எனக்குத் தெரியும். போ."

அண்ணன் பங்களாவைப் பார்த்தார். அவர் அங்கே என்ன பார்த்தார் என்று எங்களிடம் சொன்னதில்லை. காரில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தார். பிறகு வண்டியைத் திருப்பினார்.

ஞாயிறு முழுதும் அப்பாவின் பலகை வீட்டில் கிடந்தோம். அண்ணன் கோயிலுக்குக்கூட வரவில்லை. திங்கட்கிழமை கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு குழுவின் முன்னால் போனார். பொய் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. சனிக்கிழமை இரவே வீட்டை விட்டு வந்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறார்.

குழுத் தலைவர் சிரித்தாராம்.

"அவ்வளவு தன்னடக்கம் வேண்டாம், டாக்டர். நேற்று மாலையும் விசாரித்தோம். வீட்டில் ஆள் இருந்தது."

ஐந்து பேருக்கும் படி கிடைத்தது.

வெள்ளைக்காரனிலும் நல்லவன் உண்டு, நம்மைக் காப்பாற்றப் பொய் சொல்லியிருக்கிறான் என்று அண்ணன் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். மறுநாள் சாவியைத் திருப்பி அனுப்பிவிட்டு, நண்பகல் வெயிலில் லாரி வைத்துச் சாமான்களை எடுத்து வந்தோம்.

செப்டம்பர் நடுவில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து மிஸ்டர் தோர்ப் வீட்டுக்கு வந்தார். இஞ்சிச் சாறு கொடுத்தேன். அண்ணி உள்ளே படுத்திருந்தாள்.

"டாக்டர், சொல்லவே சங்கடமா இருக்கு. ஒரு வாயி, ரெண்டு கையில சாப்பிடலாமா? படியும் வாங்குறீங்க. பங்களாவையும் விட மாட்டேங்கிறீங்க."

"சாவியை அன்னைக்கே அனுப்பிட்டேனே."

"சாவி வந்துடுச்சு. ஆளுங்கதான் வரலை." தோர்ப் சிரித்தார். "கப்பல்ல புது டாக்டர் ஒருத்தர் வந்தாரு. பதினொண்ணை அவருக்குக் குடுத்தோம். சாயங்காலம் பெட்டியோட போனவரு அப்படியே திரும்பிட்டாரு. உள்ள ஒரு ஆப்பிரிக்கக் குடும்பம் இருக்குன்னாரு. நான் நம்பலை. நேத்து நானே போனேன்."

"போய்?"

"ரோட்டுல நின்னே பாத்தேன். வராந்தாவுல விளக்கு. நீங்க நின்னீங்க. கை ஆட்டினேன், நீங்க ஆட்டலை. சரி, கோபம்போல. எத்தனை பேர் இருக்கீங்கன்னு சும்மா கேட்டேன். தங்கச்சிதான் கம்பியைப் புடிச்சிக்கிட்டு 'நான்கு பேர், ஐயா'ன்னு ஆங்கிலத்துல கத்துச்சு." என்னைப் பார்த்தார். "ஆபீஸ்ல குரலே வெளிய வராது. நேத்து மலையே அதிருச்சும்மா!"

நேற்று மாலை நான் இந்தக் கூடத்தில்தான் இருந்தேன்.

அண்ணன் மெதுவாகக் கேட்டார்.

"மிஸ்டர் தோர்ப், தினம் சாயங்காலம் லாந்தரோட ஒருத்தரை அனுப்புனீங்களே, அவர் யாரு?"

"சாயங்காலமா? யாரையும் அனுப்பலையே. இருட்டுல அந்த மலைக்கு எங்க ஆபீஸ்ல எவன் போவான்? பக்கத்து பங்களாக்காரங்களை விசாரிப்போம், அவ்வளவுதான்." கோப்பையைக் கீழே வைத்தார். "லாந்தரா? எங்கப்பா காலத்துல ஒருத்தர் போவாராம். பொழுது சாஞ்சா கறுப்பு ஆளு ஒருத்தர்கூட அந்த மலையில தங்கக் கூடாது. சமையல்காரன், ஆயா, எல்லாரும் இறங்கிடணும். ஒரு சுகாதார அதிகாரி ஒவ்வொரு வீட்டுக்கு அடியிலயும் போய் யார் மிச்சம்னு கேப்பாரு. அது நின்னு வெகுகாலம் ஆச்சே..."

அப்போது அண்ணி உள்ளிருந்து வந்தாள். வயிற்றைத் தாங்கிக்கொண்டு, மெல்ல.

தோர்ப் மரியாதைக்கு எழுந்தார். எழுந்தவர் அப்படியே நின்றார். அவள் வயிற்றையே பார்த்தார்.

"மேடம்... நேத்து நீங்க குழந்தையைத் தூக்கிக் காட்டினீங்களே?"

தோர்ப் தொப்பியை மறந்துவிட்டுப் போனார்.

அக்டோபரில் குழந்தை பிறந்தது. பெண். நன்றாக இருக்கிறாள். இதைக் கேட்டுப் பலர் எனக்கு எழுதுவார்கள் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்ற நான்கு டாக்டர்களுக்கும் இன்றுவரை படி வந்துகொண்டிருக்கிறது. மருந்து அறையில் படுத்திருந்தவர் இப்போது மூன்று அறை வீட்டில் இருக்கிறார்.

அண்ணனுக்கு மட்டும் படியை நிறுத்திவிட்டார்கள். அரசுப் பங்களாவில் குடியிருப்பவருக்குப் படி கிடையாது என்பது விதி. அண்ணன் அதை எதிர்த்து மனுப் போட்டார். துறை ஓர் ஆளை மலைக்கு அனுப்பியது. இந்தமுறை நிஜமான ஆள். அவர் பார்த்துவிட்டு வந்து, வீட்டில் நான்கு பேர் இருப்பதாகச் சொன்னார். அண்ணன் மறுபடியும் மனுப் போட்டார். வேறு ஆள் போனார். அவரும் நான்கு பேர் என்றார்.

போன மாதம் அண்ணன் மூன்றாவது மனுப் போட்டார். தோர்ப்பே ஒருநாள் காலையில் வந்தார். உட்காரவில்லை. வாசலில் நின்றபடியே சொன்னார்.

"மன்னிச்சிடுங்க டாக்டர். தள்ளுபடி. நேத்து போன ஆளு, வீட்ல அஞ்சு பேர்னு எழுதியிருக்கான்."

"அஞ்சா? தப்பா எண்ணியிருப்பான்" என்றார் அண்ணன்.

அடுப்பங்கரையில் ஏதோ கீழே விழுந்து உடைந்தது. எட்டிப் பார்த்தேன். அண்ணி சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். இரண்டு கையும் வயிற்றின் மேல் இருந்தன.

அண்ணன் எழுந்து வந்து அவளைப் பார்த்தார். அவள் அவரிடம்கூட இன்னும் சொல்லியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு அண்ணன் மனுப் போடவில்லை.